பழி கியருக்கு, சத்தம் கிராஸுக்கு

பிரேக்கை மிதித்தபடி லிவரை 'என்'னிலிருந்து 'டி'க்கு இழுக்கும்போது வண்டிக்கு அடியில் 'டங்' என்று ஒரு சத்தம் கேட்டால், ஆட்டோமேட்டிக் பிக்கப் வைத்திருப்பவர் மனசில் முதலில் ஓடுவது கியர்பெட்டியின் விலைதான். கையால் கியர் போடுகிற வண்டியென்றால் இந்தப் பயம் அவ்வளவு வராது. கிளட்சைக் குறை சொல்லலாம், ஓட்டினவனைக் குறை சொல்லலாம். ஆட்டோமேட்டிக்கில் குறை சொல்ல ஆளில்லை. கியரை மாற்றுவது அந்தப் பெட்டி; மாற்றும் நேரத்தில்தான் சத்தமும் வருகிறது; அப்புறம் என்ன, பெட்டிதான் குற்றவாளி என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம்.

கீழப்பாவூரிலிருந்து பாவூர்சத்திரம் வந்து தென்காசி ரோட்டைப் பிடித்தால் வழியெல்லாம் பட்டறைகள். அங்கே இந்தச் சத்தத்தைப் பற்றிய பேச்சு அநேகமாக இப்படித்தான் தொடங்கும்.

"அண்ணாச்சி, கியர்ல போட்டா அடியில டங்குனு கேக்கு. பாக்ஸ் போயிட்டோ?"

"பாக்ஸ் எங்கயும் போவல. கிராஸ்ல பிளே வந்திருக்கும். டயருக்குக் கட்டையப் போடுங்க, பாப்போம்."

பெட்டிக்குப் பின்னால், வண்டியின் வயிற்றுக்கு அடியில், சேறும் தூசும் அப்பிய இடத்தில் கிடக்கிற அந்தக் கிராஸ் உள்ளங்கையில் அடங்கிவிடும். கூட்டல் குறி வடிவில் நாலு காலுள்ள எஃகுத் துண்டு. எடை அரைக் கிலோவுக்கு முன்பின். ஒவ்வொரு காலின் நுனியிலும் ஒரு கிண்ணம் மாட்டியிருக்கும். கிண்ணத்தின் உட்சுவரை ஒட்டி இருபதுக்கும் மேற்பட்ட ஊசி உருளைகள் வரிசையாக நிற்கும். எதிரெதிரான இரண்டு கால்களை முன்னால் உள்ள யோக் என்கிற கவை பிடித்துக்கொள்ளும். மற்ற இரண்டையும் பின்னால் உள்ள யோக். இன்ஜின் திருகுகிற திருகு முழுவதும் இந்த நாலு கால் வழியாகத்தான் பின்சக்கரத்துக்குப் போயாக வேண்டும். வேறு பாதை கிடையாது.

இப்படி ஒரு துண்டு எதற்கு என்றால், இன்ஜினும் கியர்பெட்டியும் சேஸியில் போல்ட் போட்டு நிற்கின்றன. பின் ஆக்ஸில் பட்டை ஸ்பிரிங்கில் தொங்கி மேலும் கீழும் ஆடுகிறது. வெறும் வண்டியாக இருந்தால் ஒரு கோணம், முப்பது மூட்டை சின்ன வெங்காயம் ஏற்றினால் வேறு கோணம், குழியில் விழுந்து எழும்பினால் நொடிக்கொரு கோணம். நிலையாக நிற்கிற ஒன்றிலிருந்து ஆடுகிற ஒன்றுக்குச் சுழற்சியைக் கடத்த நேரான இரும்புத் தண்டு உதவாது. தண்டு மடங்க வேண்டும், மடங்கினபடியே சுற்றவும் வேண்டும்.

இந்த யோசனை மோட்டார் வண்டிக்கு மிக முந்தியது. ஒன்றுக்குள் ஒன்றாக வளையங்களை மாட்டி, வெளியே என்ன ஆட்டம் ஆடினாலும் நடுவில் உள்ள பொருள் சாயாமல் நிற்கும்படி செய்யும் வித்தை பழைய கிரேக்கர்களுக்கும் சீனர்களுக்கும் தெரிந்திருந்தது. 16ஆம் நூற்றாண்டில் இத்தாலிய மருத்துவரும் கணித மேதையுமான ஜெரோலமோ கார்டனோ அதை எழுதிவைத்தார். அவர் கண்டுபிடிக்கவில்லை; ஆனாலும் ஐரோப்பாவின் பல நாடுகளில் இப்படி மடங்கிச் சுற்றும் தண்டை இன்றும் கார்டன் தண்டு என்றே அழைக்கிறார்கள். எழுதிவைத்தவனுக்குப் பெயர் போவது அந்த ஊரிலும் உண்டு போலிருக்கிறது.

சுழற்சியைக் கடத்தும் மூட்டாக இதைச் செய்து, அதன் இயல்பையும் ஆராய்ந்தவர் லண்டன் ராயல் சொசைட்டியில் சோதனைகளைக் கவனித்துவந்த ராபர்ட் ஹூக். பள்ளிக்கூடத்தில் ஸ்பிரிங் விதியைப் படித்தவர்களுக்கு ஆளைத் தெரியும். 1676இல் அவர் வெளியிட்ட சூரியநோக்கி பற்றிய நூலில் இந்த மூட்டு இருக்கிறது. அவருக்கு வேண்டியிருந்தது வானத்தைப் பார்க்கும் கருவிகளைத் திருப்புவதற்கான ஓர் ஏற்பாடு. வெங்காய மூட்டை கணக்கிலேயே இல்லை. ஆனால் அவர் கவனித்த ஒரு விஷயம் இன்றைக்கும் பட்டறையில் விடாமல் துரத்துகிறது. மடங்கிய நிலையில் இந்த மூட்டு சுற்றும்போது, உள்ளே வருகிற வேகம் சீராக இருந்தாலும் வெளியே போகிற வேகம் சீராக இருக்காது. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தடவை முந்தும், இரண்டு தடவை பிந்தும். 10 டிகிரி மடக்கில் இந்த ஏற்ற இறக்கம் ஒன்றரை விழுக்காடு. 30 டிகிரிக்குப் போனால் 15 விழுக்காட்டைத் தொட்டுவிடும்.

இதற்கு மருந்து இன்னொரு கிராஸ். தண்டின் முன்முனையில் ஒன்று, பின்முனையில் ஒன்று. இரண்டு யோக்குகளும் ஒரே போக்கில் நிற்க வேண்டும். முன்னது செய்கிற கோணலைப் பின்னது அழித்துவிடும். தண்டைக் கழற்றி மாட்டுகிற பையன் ஒரு பல் தள்ளி மாட்டிவிட்டால் கோணல் முழுதாக அழியாது. அதனால்தான் விவரமான மெக்கானிக் கழற்றும் முன்பே சாக்பீஸாலோ பெயின்ட்டாலோ ஒரு கோடு இழுத்துக்கொள்வார். அந்தக் கோட்டுக்குப் பின்னால் ஹூக் நிற்கிறார் என்று அவரிடம் சொன்னால், "யாராவும் இருக்கட்டும், கோடு முக்கியம்" என்பார்.

மோட்டார் வண்டிகள் வந்த புதிதில் பல வண்டிகள் சைக்கிளைப் போலச் செயினில்தான் ஓடின. செயின் தூசி தின்னும், எண்ணெயைத் துப்பும், இரைச்சல் போடும். 1898இல் பிரான்சில் லூயி ரெனோ தன் சின்ன வண்டியில் செயினை எடுத்துவிட்டு மூட்டுள்ள தண்டைப் போட்டார். அதே ஆண்டு டிசம்பரில் பாரிஸின் மோன்மார்த்ர் மேட்டில் அதை ஏற்றிக் காட்டினார். அமெரிக்காவில் கிளாரன்ஸ் ஸ்பைசர் கார்னெல் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருக்கும்போதே தான் கட்டிய காருக்காக இதைக் கையில் எடுத்தார். 1903இல் காப்புரிமை வாங்கினார். 1904இல் நியூஜெர்சியின் பிளெயின்ஃபீல்டில் ஓர் அச்சு இயந்திரத் தொழிற்சாலையின் மூலையில் உற்பத்தியைத் தொடங்கினார். அதே 1904இல்தான் நம் பக்கம் கொல்லம் – செங்கோட்டை ரயில் பாதை முழுதாகத் திறந்தது என்பது சும்மா ஒரு தற்செயல். ஆனால் அந்த ரயில் பாதையின் மலையை இரும்பு ஏறத் தொடங்கிய வருஷமும், அதே மலையில் பின்னாளில் தேயப்போகிற துண்டு பிறந்த வருஷமும் ஒன்று என்பதை எழுதாமல் விட எனக்கு மனம் வரவில்லை.

ஸ்பைசருடைய சாமர்த்தியம் மூட்டில் இல்லை, மூட்டு பழையது. அதைச் சுற்றி அவர் போட்ட உறையில்தான் இருந்தது. எண்ணெய் வெளியே ஒழுகாது, தூசு உள்ளே நுழையாது. அங்கிருந்து இன்றுவரை கிராஸின் வரலாறு என்பதே மசகை உள்ளே வைப்பதும் மண்ணை வெளியே நிறுத்துவதுமான போராட்டந்தான். 1914இல் சார்லஸ் டேனா என்பவர் பணத்தோடு வந்து நிறுவனத்தைத் தூக்கி நிறுத்தினார். 1946இல் நிறுவனத்துக்கு அவர் பெயரே வந்துவிட்டது. ஸ்பைசர் என்ற பெயர் மட்டும் பாகத்தின் மேல் நின்றது. இன்றும் லாரிக்காரர்கள் நடுவே அந்தப் பெயர் புழங்குகிறது.

இன்று கிராஸ் செய்வதற்கான கலப்பு எஃகு தமிழ்நாட்டிலேயே வார்க்கப்படுகிறது. வாகனப் பாகங்களுக்கான எஃகை உருக்கும் பெரிய ஆலை ஒன்று சேலம் மாவட்டம் பொட்டனேரியில் இருக்கிறது, ஜே.எஸ்.டபிள்யூ நடத்துவது. எஃகுக் கம்பியைத் துண்டு போட்டு, 1,200 டிகிரிக்கு அருகில் சிவக்கக் காய்ச்சி, அச்சுக்குள் வைத்து ஓங்கி அடித்தால் நாலு கால் முளைக்கும். ஓரத்தில் பிதுங்கியதை வெட்டி எறிந்து, கடைந்து, பிறகு கார்பன் நிறைந்த வாயுவில் 900 டிகிரிக்கு மேல் பல மணி நேரம் ஊறவைக்கிறார்கள். தோலில் மட்டும் கார்பன் ஏறும். உடனே எண்ணெயில் அமிழ்த்தினால் மேலே ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் ஆழத்துக்குக் கண்ணாடிபோல் கடினம். உள்ளே அடி தாங்குகிற மென்மை. முழுக்கவும் கடினமாக இருந்தால் முதல் குழியிலேயே முறியும். முழுக்கவும் மென்மையாக இருந்தால் ஊசிகள் ஒரே மாதத்தில் பள்ளம் பறித்துவிடும். மலிவு விலைக் கிராஸ் ஏமாற்றுவது இந்த ஒரு மில்லிமீட்டரில்தான். அட்டைப்பெட்டியில் வித்தியாசம் தெரியாது, கையில் எடுத்தாலும் தெரியாது. கேரளத்துக்கு ஏறுகிற புளியரை மேட்டில் தெரியும்.

அச்சிலிருந்து கீழப்பாவூர் வரும் வழி சுற்று வழி. புது வண்டியோடு மாட்டியே வருவது ஒன்று. மாற்றுவதற்காக வருவது சென்னை ஜி.பி. ரோட்டின் மொத்தக் கடைகளிலிருந்து பார்சல் லாரி ஏறி, திருநெல்வேலிக் கடைகளில் இறங்கி, ஆர்டர் சொன்ன மறுநாள் காலை பஸ்ஸின் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் வைத்துப் பாவூர்சத்திரத்துக்கு அனுப்பப்படுவது. மூன்றாவது வழியும் உண்டு. சென்னைப் புதுப்பேட்டையில் உடைத்த வண்டிகளின் தண்டோடு சேர்ந்து வருவது. அதைப் பற்றி நல்லதும் சொல்வார்கள், கெட்டதும் சொல்வார்கள். தண்டு நேராக இருந்தால் தண்டை வாங்கலாம், கிராஸ் மட்டும் புதிதாகப் போட்டுக்கொள்ள வேண்டும் என்பது என் கட்சி.

இந்த வட்டாரத்தில் கிராஸ் புதிய விருந்தாளியில்லை. வயலில் ரோட்டவேட்டர் ஓட்டுகிற டிராக்டரைப் பாருங்கள். பின்னாலிருந்து புறப்பட்டு ரோட்டவேட்டருக்குப் போகிற தண்டின் இரு முனையிலும் இதே நாலு கால்தான், நிமிடத்துக்கு 540 சுற்று. உழவு முடிந்து வரப்பில் ஏறும்போது ரோட்டவேட்டரைத் தூக்கினால் 'கடகட'வென்று அலறுவது இதுதான். கோணம் கூடினால் இது பொறுக்காது. ஹூக் சொன்னதைச் சேற்றில் நின்றபடி கேட்பதென்றால் அதுதான் இடம்.

சந்தை வண்டிகளிலும் இதேதான். 2005இல் டாடா ஏஸ் வந்தது. 2011இல் ஓசூரிலிருந்து அசோக் லேலண்ட் தோஸ்த் வந்தது. மஹிந்திரா பிக்கப் அவற்றுக்கு முன்னும் பின்னும் ஓடியது. பாவூர்சத்திரம் காமராஜர் தினசரிச் சந்தையிலிருந்து வெண்டை, கத்தரி, தக்காளி, சின்ன வெங்காயம் என்று கேரளத்துக்குப் போகிற சரக்கில் பெரும் பங்கு இந்தச் சின்ன வண்டிகளின் முதுகில்தான். ஓணம் நெருங்கும் ஆவணியில் கேட்கவே வேண்டாம். இவை எல்லாம் கிளட்சு மிதித்துக் கியர் போடும் வண்டிகள்.

ஆட்டோமேட்டிக் பிக்கப் வேறு வாசல் வழியாக வந்தது. கடையநல்லூர், தென்காசி, செங்கோட்டைப் பக்கத்திலிருந்து வளைகுடாவுக்குப் போனவர்கள் பலர் அங்கே பாலைவனத்தில் ஆட்டோமேட்டிக் பிக்கப்பை ஓட்டிப் பழகியவர்கள். திரும்பி வந்து தோப்பும் துரவும் வாங்கினவர்களுக்கு அந்த வண்டி மேல் ஒரு கண். ஆந்திர எல்லைக்குள், சென்னைக்கு வடக்கே ஸ்ரீசிட்டியில் 2016இல் இசுஸு ஆலை திறந்தது. வி-கிராஸ் என்ற பிக்கப் வந்தது, பிறகு அதில் ஆட்டோமேட்டிக்கும் வந்தது. 2022இல் டொயோட்டா ஹைலக்ஸ் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. அதன் 2.8 லிட்டர் டீசல் இன்ஜின் மேனுவல் கியரில் 420 நியூட்டன் மீட்டர் இழுக்கிறது, ஆட்டோமேட்டிக்கில் 500. முதல் கியரில் அது மூன்று மடங்குக்கு மேல் பெருகிக் கிராஸில் இறங்கும். நாலு சக்கர 'லோ'வில் போட்டால் அதற்கும் மேல் இரண்டரை மடங்கு. அரைக் கிலோ இரும்பு, நாலு கால்.

இனி சத்தத்துக்கு வருவோம். மேனுவல் வண்டியிலும் கிராஸ் தேயும். ஆனால் அங்கே டிரைவரின் இடது கால் இருக்கிறது. கிளட்சை மெல்ல விடும்போது தண்டில் உள்ள தளர்ச்சி மெதுவாக இறுகும், சத்தம் அமுங்கிவிடும். நல்ல டிரைவர் தன் வண்டியின் தேய்மானத்தைத் தெரியாமலேயே காலால் மறைத்துக்கொண்டிருப்பார். ஆட்டோமேட்டிக்கில் அந்தக் காலுக்கு வேலையில்லை. இன்ஜினுக்கும் கியருக்கும் நடுவே எண்ணெயில் சுழலும் டார்க் கன்வெர்ட்டர் இருக்கிறது. ஜெர்மானியப் பொறியாளர் ஹெர்மன் ஃபொட்டிங்கர் 1905இல் கப்பல்களுக்காகக் காப்புரிமை வாங்கிய ஏற்பாடு அதன் மூதாதை. வண்டி நின்றுகொண்டிருந்தாலும் கன்வெர்ட்டர் தள்ளிக்கொண்டேதான் இருக்கும். 'என்'னில் அந்தத் தள்ளல் எங்கேயும் போகாது. 'டி'யில் போட்டதும் எண்ணெய் அழுத்தம் உள்ளே ஒரு கிளட்சை இறுக்க, அதுவரை சும்மா கிடந்த தண்டு ஒரே இழுப்பில் முறுக்கேறுகிறது. கிராஸில் ஒரு நூலளவு, ஸ்லிப் யோக்கின் பல்லில் ஒரு நூலளவு, கிரவுன் பினியனில் ஒரு நூலளவு, ஆக்ஸில் முனையில் ஒரு நூலளவு. தென்காசி ஜங்ஷனில் கூட்ஸ் வண்டி கிளம்பும்போது ஒவ்வொரு கொக்கியாக 'டக், டக், டக்' என்று இழுபட்டு ஓடுமே, அதுதான் இங்கே ஒரு நொடிக்குள் நடக்கிறது. எல்லாம் சேர்ந்து ஒரே 'டங்'. 'டி'யிலிருந்து 'ஆர்'க்குப் போனால் தளர்ச்சி எதிர்த்திசையில் முழுக்கத் திரும்ப வேண்டும், ஆகவே இன்னும் பலமாகக் கேட்கும். ஏ.சி. ஓடி ஐடில் வேகம் ஏறியிருந்தால் அதற்கும் மேல்.

கியர்பெட்டி செய்த குற்றம் ஒன்றுதான்: மறைக்கத் தெரியவில்லை.

கிராஸ் எப்படித் தேய்கிறது என்பது நாம் நினைப்பதற்கு நேர்மாறு. நிறையச் சுற்றுவதால் தேய்வதில்லை. 80 கிலோமீட்டர் வேகத்தில் தண்டு நிமிடத்துக்கு 2,000 சுற்று சுற்றுகிறது, ஆனால் கிண்ணத்துக்குள் உள்ள ஊசிகள் முழுச் சுற்று சுற்றுவதே இல்லை. மடக்கின் அளவுக்கு முன்னும் பின்னும் இம்மியளவு அசைகின்றன, அவ்வளவுதான். அந்த அசைவில்தான் மசகு பரவும். தண்டு மடக்கே இல்லாமல் நேராக நின்றால் அந்த அசைவும் போய்விடும். ஊசி ஒரே இடத்தில் நின்று ஒரே இடத்தையே குத்தும், மசகு விலகும், காலில் ஊசியின் அச்சு அப்படியே பதியும். கழற்றிய கிராஸின் காலை நகத்தால் தடவிப் பாருங்கள். வரிவரியாகப் பள்ளம் தட்டும். அந்தப் பள்ளத்தில் ஊசி இங்கும் அங்கும் தாவுவதுதான் சத்தம். மடக்கு அதிகமானாலும் சாவு, மடக்கே இல்லாவிட்டாலும் சாவு. வண்டிக்குக் கெத்து வேண்டும் என்று ஸ்பிரிங்கை உயர்த்தி ஏற்றுகிறவர்களும், பாரம் தாங்க வேண்டும் என்று கூடுதல் பட்டை போடுகிறவர்களும் கிராஸைக் கேட்காமல் அதன் கோணத்தை மாற்றுகிறார்கள்.

தண்ணீர் அடுத்த எமன். ஆரியங்காவுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் சாரல் காற்று இறங்கும்போது குற்றாலம் மட்டுமா நனைகிறது? ரோடெல்லாம் மெல்லிய ஈரச் சேறு. அது சக்கரத்திலிருந்து நேராகத் தண்டின் மேல் தெறிக்கும். கிராஸின் ரப்பர் சீல் புதிதாக இருக்கும்வரை கவலையில்லை. சீல் காய்ந்து வெடித்ததும் ஈரம் உள்ளே போகும், ஊசி துருப்பிடிக்கும். கிண்ணத்தின் ஓரத்தில் செம்மண் நிறத்தில் ஒரு பொடி கசிந்து நிற்கும். பலர் அதை ரோட்டுத் தூசி என்று துடைத்துவிடுகிறார்கள். அது உள்ளே இருந்த எஃகு. இதைவிட மோசமானது ஒன்று நாமே செய்வது: வாட்டர் சர்வீஸில் வண்டியைத் தூக்கி நிறுத்தி, குழாயை நேராகக் கிராஸ் மேல் பிடித்துச் சேற்றைப் பீய்ச்சுவது. அந்த அழுத்தத்துக்குச் சீல் வழிவிட்டுவிடும். கழுவின கையோடு கிரீஸ் அடித்தால் உள்ளே போன தண்ணீரைப் பிதுக்கி வெளியேற்றிவிடலாம். கழுவிவிட்டு மினுமினுப்பைப் பார்த்தபடி வீட்டுக்குப் போனால் இல்லை.

கிரீஸ் அடிப்பதிலும் ஒரு பதம் உண்டு. நிப்பிளில் கன்னை வைத்து ஒரு கிண்ணத்தின் ஓரத்தில் கிரீஸ் எட்டிப் பார்த்ததும் நிறுத்திவிடுகிறார்கள். நாலு கிண்ணத்திலும் பழைய கறுப்பு கிரீஸ் போய்ப் புதியது வரும்வரை அடிக்க வேண்டும். ஒன்றில் மட்டும் வரவில்லையென்றால் அந்தக் கால் பட்டினி கிடக்கிறது என்று பொருள். முதலில் சாகப்போவதும் அதுவே. சில வண்டிகளில் நிப்பிளே இருக்காது. ஆயுள் முழுவதற்கும் ஒரே தடவை அடைத்த கிரீஸ் என்பார்கள். ஆயுள் என்று அவர்கள் சொல்வது கிராஸின் ஆயுளை; வண்டியுடையதை அல்ல.

நியாயமாகச் சொல்ல வேண்டுமென்றால் எல்லா 'டங்'கும் கிராஸ் இல்லை. சறுக்கிச் சறுக்கி நீளம் மாறுகிற ஸ்லிப் யோக்கின் பல் காய்ந்துபோனால், வண்டி நின்ற ஓரிரு நொடியில் பின்னாலிருந்து யாரோ லேசாக இடித்ததுபோல் ஒரு தட்டு வரும். அதற்குக் கிரீஸ் போதும். தண்டு இரண்டு துண்டாக இருக்கிற வண்டியில் நடுவே தாங்குகிற சென்டர் பேரிங்கின் ரப்பர் கிழிந்தால் 'தொப்' என்று அமுங்கின சத்தம். கியர்பெட்டி மவுண்டிங் இறங்கியிருந்தால் பெட்டியே தூக்கிப் போடும். 'டி'யில் போட்டு ஒன்றிரண்டு நொடி ஒன்றும் நடக்காமல், பிறகு திடீரென்று உதைத்தால்தான் பெட்டியின் மேல் சந்தேகப்பட நியாயம் உண்டு. அப்போது எண்ணெயின் அளவைப் பார்க்க வேண்டும், நிறத்தைப் பார்க்க வேண்டும், கருகின வாடை வருகிறதா என்று மோந்து பார்க்க வேண்டும். மேட்டில் ஹேண்ட்பிரேக் போடாமல் 'பி'யில் மட்டும் நிறுத்திவிட்டு, மறுபடி கியரை எடுக்கும்போது வருகிற 'தட்' நோயே இல்லை. வண்டியின் மொத்தப் பாரமும் உள்ளே ஒரு சின்னப் பல்லின் மேல் சாய்ந்திருந்தது, அது விடுபடுகிறது. கால் பிரேக்கிலேயே நின்று 'என்', பிறகு ஹேண்ட்பிரேக், கால் பிரேக்கைத் தளர்த்திப் பாரத்தை அதன் மேல் இறக்கிய பிறகு 'பி' என்ற வரிசையில் போட்டால் அந்தத் தட்டும் வராது.

கிராஸ்தானா என்று உறுதி செய்ய எந்தக் கம்ப்யூட்டரும் வேண்டாம். சமதரை, இன்ஜின் அணைத்து, நாலு டயருக்கும் கட்டை, கியர் 'என்'னில். ஒரு கையால் தண்டையும் மறு கையால் யோக்கையும் பிடித்து எதிரெதிராக முறுக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து அசைந்தால் தளர்ச்சி வேறெங்கோ. நடுவில் கிராஸ் தனியாக நெளிந்தால் அதுதான். ஸ்கேனர் மாட்டினால் பிழை எண் வராததும் இதனாலேயே: கிராஸில் ஒயரும் இல்லை, சென்சாரும் இல்லை. ஸ்கேனர் ஒன்றும் சொல்லாதபோது பெட்டியை இறக்கிப் பார்த்துவிடலாம் என்று சொல்கிற இடங்களும் இருக்கின்றன. ஆயிரங்களில் முடிய வேண்டியது லட்சத்தை எட்டிப் பார்ப்பது அங்கேதான்.

உண்மையில் கிராஸ் 'டங்'குக்கு முன்பே பேசியிருக்கும். ஊசி காய ஆரம்பிக்கும்போது, மெதுவாகப் போகையில், வேகத்துக்கு ஏற்ப 'கீச், கீச்' என்று குருவிக் குஞ்சு போல ஒரு சத்தம். கண்ணாடியை ஏற்றி ஏ.சி. போட்டு ஓட்டுகிற வண்டியில் அது யாருக்கும் கேட்பதில்லை. பிறகு 'டங்'. பிறகு ஒரு குறிப்பிட்ட வேகத்தில் தரையே நடுங்குகிற அதிர்வு. அதற்குப் பிறகு வருவதைப் பற்றிப் புளியரைப் பக்கம் போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

செங்கோட்டை தாண்டிப் புளியரை எஸ் வளைவில் ஏறிக் கோட்டைவாசல் வழியாக ஆரியங்காவுக்குப் போகிற பாதையில், கனரக லாரிகள் சிக்கிக்கொண்டால் வண்டிகள் மணிக்கணக்கில் இஞ்ச் இஞ்சாக நகரும். 'என்', 'டி', 'என்', 'டி'. சமவெளியில் ஒரு மாதத்தில் வாங்குகிற தட்டை அங்கே ஒரே இரவில் வாங்கிவிடும். அந்த ஏற்றத்தில் கிராஸ் முறிந்தால் தண்டு கழன்று அடியில் சுழன்று அடிக்கும். முன்முனை கழன்றால் ரோட்டில் குத்தும். இன்ஜின் பிடிமானம் போய்விடும். அதைவிட முக்கியமானது, 'பி'யில் போட்டாலும் வண்டி நிற்காது. 'பி' பூட்டுவது கியர்பெட்டியின் வெளித்தண்டை; அதற்கும் சக்கரத்துக்கும் நடுவில் இருந்த கிராஸ்தான் போய்விட்டதே. கால் பிரேக்கும் சக்கரத்தைப் பிடிக்கிற ஹேண்ட்பிரேக்கும்தான் அப்போது துணை. ஆட்டோமேட்டிக் ஓட்டுகிறவர்களில் ஹேண்ட்பிரேக்கையே தொடாதவர்கள் உண்டு. மலைப்பாதையில் நிற்கும்போது லாரிக்காரர் இறங்கி டயருக்குக் கல் வைப்பதைப் பார்த்துச் சிரிக்கிறவர்களும் அவர்களே.

மாற்றுகிற வேலை பெரிதில்லை. கோடு போட்டுத் தண்டை இறக்கி, லாக்கை எடுத்து, வைஸில் வைத்து அழுத்தினால் ஒரு பக்கக் கிண்ணம் வெளியே வரும். சுத்தியலால் அடித்து எடுப்பவர்கள் யோக்கின் காதை அகட்டிவிடுவார்கள்; பிறகு எந்தக் கிராஸ் போட்டாலும் தங்காது. புதியதை ஏற்றும்போது பொறுமை வேண்டும். ஓர் ஊசி சரிந்து கிண்ணத்தின் அடியில் படுத்துவிட்டால் கிண்ணம் முழுதாக உட்காராது, லாக் விழாது. அவசரக்காரர் அப்போதும் அடிப்பார். தெரிந்தவர் வெளியே எடுத்து, ஊசிகளைக் கிரீஸால் சுவரோடு ஒட்டவைத்து, மறுபடி தொடங்குவார். மாட்டி முடித்தபின் கிராஸை நாலு பக்கமும் கையால் அசைத்தால் வழவழவென்று மடங்க வேண்டும்; இறுக்கமாக இருந்தால் அதுவும் குறைதான்.

கழற்றிய கிராஸ் பட்டறை மூலையில் உள்ள தகரப் பேரலுக்குப் போகும். போல்ட், பேரிங், உடைந்த பட்டைகளோடு சேர்ந்து பழைய இரும்புக் கடையில் எடை போட்டு, லோடு சேர்ந்ததும் உருக்காலைக்குப் போகும். கார்பன் ஊறின தோல், மென்மையான உள் என்ற பேதமெல்லாம் அந்த உலையில் ஒன்றுமில்லை. பெரும்பாலும் கட்டடக் கம்பியாகத்தான் திரும்பி வரும். பேரலுக்குப் போகும் முன் மெக்கானிக் அதிலிருந்து ஒரு கிண்ணத்தை மட்டும் உருவி, மண்ணெண்ணெயில் கழுவி டூல்ஸ் பெட்டியில் போட்டுக்கொள்வார். அடுத்த வண்டிக்குப் புதுக் கிராஸ் ஏற்றும்போது, வைஸுக்கும் புதுக் கிண்ணத்துக்கும் நடுவில் வைத்து அழுத்த அதே அளவில் ஒன்று வேண்டும். கடையில் அதைத் தனியாக விற்பதில்லை.